அப்ருட்சோவின் சிவப்பு ஒயின்

மோன்தேபுல்சானோ தாப்ருட்சோ என்பது இத்தாலியின் கிழக்குக் கரையில், அப்பெனைன் மலைக்கும் ஏட்ரியாட்டிக் கடலுக்கும் நடுவிலுள்ள அப்ருட்சோ பகுதியின் சிவப்பு ஒயின். மோன்தேபுல்சானோ என்ற திராட்சை இதில் 85 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. டஸ்கனியில் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு. அங்கே பேர்போன ஒயினுக்கு உரியது சாஞ்சோவேசே என்ற வேறு திராட்சை.

இந்த மண்ணில் ஒயின் மிகப் பழையது. கி.மு. 217இல் திராசிமேனோ போரில் வென்று இக்கரைக்கு வந்த கார்த்தேஜ் தளபதி ஹானிபல், சொறி பிடித்த தன் குதிரைகளைப் பழைய ஒயினில் குளிப்பாட்டிக் குணமாக்கினான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். குதிரைக்கு ஊற்றும் அளவுக்கு ஒயின் மலிந்திருந்தது.

உழவர்கள் திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றினார்கள். இலைக்கூரை கோடை வெயிலிலிருந்து குலைகளைக் காத்தது. இருபதாம் நூற்றாண்டில் ஒயினைத் தேக்கிவைக்கச் சிமென்ட் தொட்டிகள் பரவின. ஓக் பீப்பாய்க்குச் செலவு அதிகம். அது ஒயினுக்கு வனிலா வாசனையையும் மரத்தின் துவர்ப்பையும் ஏற்றிவிடும். சிமென்ட் எதையும் ஏற்றுவதில்லை. கருஞ்செர்ரி, பிளம் வாசனை அப்படியே தங்கும்.

1968இல் இந்த ஒயினுக்குச் சட்டப்படியான பிறப்பிட உரிமை கிடைத்தது. பின்னர் இத்தாலியில் சிறு பிரெஞ்சு ஓக் பீப்பாய் மோகம் பரவியபோதும் சிலர் அசையவில்லை. தொரானோ நுவோவோ என்ற ஊரில் 1964இல் தொழில் தொடங்கிய எமிதியோ பேப்பே, பழங்களைக் கையாலேயே காம்பிலிருந்து உதிர்த்து, கண்ணாடிப் பூச்சிட்ட சிமென்ட் தொட்டிகளில் புளிக்கவைத்தார். மரம் தொடாத ஒயின் நாள்படாது என்ற பேச்சு அவருடைய பழைய புட்டிகளிடம் எடுபடவில்லை.

பழைய முறை என்றால் ‘இயற்கை’ என்ற பேச்சும் வரும்: செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் வருமுன் எல்லாத் தோட்டமும் இயற்கைத் தோட்டம்தான். அதற்குச் சட்டப் பெயர் வரத்தான் தாமதம். 2012 அறுவடைக்கு முன்பு வரை ஐரோப்பிய ஒன்றியம் ‘இயற்கைத் திராட்சையில் செய்த ஒயின்’ என்று அச்சிட மட்டுமே இடம் தந்தது. அந்த அறுவடையிலிருந்தே ‘இயற்கை ஒயின்’ ஆனது. இனிப்பற்ற சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படும் கந்தக டை ஆக்சைடு, இதில் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இயற்கை என்றதும் மருந்தே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது: பூஞ்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்க, அளவோடு, அனுமதி உண்டு.

அப்ருட்சோ ஒயினுக்குத் தோதான உணவைத் தீர்மானித்தவர்கள் ஆட்டிடையர்கள். முன்பெல்லாம் குளிர்காலத்துக்கு மந்தைகள் லாக்விலாவிலிருந்து ஃபோஜா வரை, ஏறத்தாழ 244 கிலோமீட்டர் நீண்ட புல்வழியில் தெற்கே இறங்கின. 1447இல் அரகானின் மன்னன் அல்ஃபோன்சோ அந்த மந்தைகளுக்கு வரி வசூலிக்கவே தனி அலுவலகம் வைத்தான். இப்படி மந்தைகள் மலிந்ததால் இங்கே ஆட்டிறைச்சிதான் ஆகாரம். அர்ரோஸ்திசீனி என்பது செம்மறிக் கறியைச் சிறு சிறு துண்டாக்கி, இடையிடையே கொழுப்பும் சேர்த்து மெல்லிய குச்சியில் கோத்து, வாய்க்கால் போன்ற குறுகிய கரியடுப்பில் வாட்டுவது. உப்பு மட்டும் போதும். நாவில் படியும் கொழுப்பை ஒயினின் துவர்ப்பும் புளிப்பும் வழித்துவிடும். ஓக் மணம் குறுக்கிட்டால் கறியின் புகைவாசம் அடங்கிப்போகும். கம்பி கட்டிய சட்டத்தில் அழுத்தி நறுக்கி, ஆட்டுக்கறிக் குழம்புடன் உண்ணும் கித்தாரா பாஸ்தாவுக்கும், முற்றிய பெகோரினோ பாலாடைக்கட்டிக்கும் இதே ஒயின்தான். மீன் குழம்பு வைக்கும் கடற்கரை வீடுகளில் மட்டும், அதே திராட்சையின் தோலைச் சீக்கிரமே வடித்தெடுத்துச் செய்யும் இளஞ்சிவப்பான செரசுவோலோவைக் குளிரவைத்துத் திறப்பார்கள்.