நூலாசிரியர் வாழ்வும் நூற்பொருளும்: தணிகை மலையைச் சார்ந்த சில சான்றுகள்

நூல்களைக் கற்பார் இருவகைப் பிழைக்கு உள்ளாதல் உண்டு. ஒரு சாரார், ‘நூலே நமக்கு வேண்டுவது, அதனை இயற்றியவர் எக்குடியிற் பிறந்தார், எத்தொழில் செய்தார், என்ன துன்புற்றார் என்பன நமக்கெதற்கு?’ என்று ஒதுக்குவர். மற்றொரு சாரார், ஆசிரியர் இன்ன குலத்தினர் என்று அறிந்த அளவிலேயே, அவர் நூலுள் இன்னதுதான் இருக்கும் என்று ஏட்டைத் திறவாமலே முடிவு கட்டுவர். நம் சங்கம் போன்ற குலச் சங்கங்களிலே இவ்விரண்டாம் பிழை எளிதிற் புகுந்துவிடும். ‘இப்புலவர் நம்மவர்’ என்று மார்தட்டுதலும், ‘அவர் பிறர், அவர் நூல் நமக்கேன்?’ என்று தள்ளுதலும் அப்பிழையின் இரு முகங்களே.

நம் முன்னோர் இவ்விரு பிழைக்கும் இடங்கொடுத்தாரல்லர். நூலுக்குச் சிறப்புப்பாயிரம் இன்றியமையாதது என்று வைத்து, ஆக்கியோன் பெயர் முதலாக எட்டுச் செய்திகளை அதில் அமைத்தல் வேண்டுமென நன்னூலார் விதித்தனர். காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டி உரைப்பாரும் உளர். இம்மூன்றனுள் ‘காரணம்’ என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். ஒருவர் ஒரு நூலை ஏன் எழுதினார் என்பதற்கு விடை அவர் வாழ்விலும், சமூகத்தைப் பற்றி அவர் கொண்ட கொள்கையிலும் கிடக்கின்றது. இதனைத் தொலைவிற் சென்று தேட வேண்டுவதில்லை. திருத்தணிகையொன்றே போதிய சான்று தரும்.

திருத்தணிகை, முருகப்பெருமான் சினந்தணிந்து அமர்ந்த மலையென்று போற்றப்படுவது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்து, ஆந்திர எல்லைக்கு அணித்தாக விளங்குகின்றது. இதன் கடைத்தெருவிலே தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கக் கேட்கலாம். இம்மலையோடு தொடர்புற்ற ஆசிரியர் பலர். அவருள் சிலரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மடமும் பள்ளியும்

1790-ஆம் ஆண்டில் மறைந்த கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் பாடியவர். அவர் இவ்வூரிற் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்திலே துறவு பூண்டு, மாதவச் சிவஞான முனிவரிடம் பாடங்கேட்டவர். இலக்கணமும் சாத்திரமும் இரவுபகல் ஆராயப்பெறும் மடத்திலே வாழ்ந்தவராதலின், அவர் பாடிய தலபுராணமும் வெறுங் கதையாக நில்லாது, வள்ளிநாயகியாரின் களவொழுக்கத்தை அகப்பொருள் இலக்கணத்துக்கு இலக்கியமாகவே அமைத்துக் காட்டுகின்றது. கற்றோர் அவைக்கு ஏற்ற நூல் அது.

அவர்க்கு மாணவராயிருந்தவர் இவ்வூர்க் கந்தப்பையர். கந்தப்பையரின் புதல்வர் விசாகப்பெருமாளையர் சென்னையிலே தமிழாசிரியராய் அமர்ந்தார். அச்சுப் பொறியும் பள்ளிக்கூடமும் பரவிய காலம் அது. இளஞ்சிறார் பலரை ஒருங்கே கற்பிக்க வேண்டிய தொழில் வாய்த்தமையால், அவர் சூத்திரத்தை விடுத்து எளிய உரைநடையிலே பாலபோத இலக்கணம் முதலியவற்றை எழுதினார். ஊரும் கல்விமரபும் ஒன்றாயிருந்தும், ஆசிரியர்க்கு முன்னிருந்த மாணாக்கர் வேறுபடவே, நூலும் வேறுபட்டது.

வள்ளலார்: ஒருவரே இருவராய் நின்றது

இராமலிங்க அடிகள் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரிலே பிறந்தார். கைக்குழந்தையாயிருக்கும்போதே தந்தையாரை இழந்தார். தாயார் சின்னம்மையார் மக்களோடு சென்னை சேர்ந்தார். தமையனார் சபாபதிப் பிள்ளை புராணப் பிரசங்கத்தாற் குடும்பத்தைக் காத்துவந்தார். பள்ளிப் பாடத்திற் கருத்தின்றித் திரிந்த இளையவரை அவர் கடிந்ததும், பின்னர் ஏழுகிணற்றுப் பகுதியிலுள்ள வீட்டின் மேலறையிலே சிறுவர் கண்ணாடியும் விளக்கும் வைத்து வழிபட, கண்ணாடியிலே தணிகை முருகன் தோன்றியதும் அடிகள் வரலாற்றிற் புகழ்பெற்ற செய்திகள்.

தந்தையற்ற பிள்ளை, தமையன் சோற்றில் வளரும் பிள்ளை, தனக்கென ஒரு துணையை நாடுதல் இயல்பே. தணிகைப் பதிகங்களை இவ்வாழ்வை அறிந்து ஓதுவார்க்கு, அவற்றிலுள்ள முறையீடும், தம்மைத் தாமே கடிந்துகொள்ளுதலும், புறக்கணியாதே என்னும் வேண்டுகோளும் வெறும் புலவர் மரபாகத் தோன்றா. இப்பாடல்கள் அடங்கிய ஐந்தாந் திருமுறை, அடிகள் மறைந்த பின்னர் 1880-ஆம் ஆண்டில் அச்சேறியது.

அடிகள் 1858-இற் சென்னையை நீத்துத் தென்றிசை போந்தார். சிற்றூர்களிலே பசியால் வாடிய மக்களைக் கண்டார். 1865-இற் சன்மார்க்க சங்கமும், 1867-இல் வடலூரிற் சத்திய தருமச்சாலையும், 1872-இல் ஞானசபையும் கண்டார். ஆறாந் திருமுறையிலே பேசும் அடிகள் சாதியையும் சமயத்தையும் சாத்திரப் பூசலையும் கைவிட்டு, உயிரிரக்கம் ஒன்றனையே கடவுள் வழிபாடாகக் கொண்டவர். இம்மாற்றத்தைப் பிறர் ஆராய்ந்து கூற வேண்டுவதில்லை. முன்னாளிற் சைவ சமயத்தில் தமக்கிருந்த பற்று அளவிடற்கரியது என்றும், தாம் அக்காலத்திற் செய்த தோத்திரங்களே அதற்குச் சான்று என்றும், இப்போது அதனை விட்டொழிந்தோம் என்றும் 1873-ஆம் ஆண்டின் பேருபதேசத்திலே அடிகள் தாமே விளங்க உரைத்தருளினார். தம் நூலைத் தம் வாழ்வோடு ஒட்டிப் படிக்குமாறு ஓர் ஆசிரியரே நமக்குக் கற்பித்தார் என்க.

அவரை மறுத்து நின்றவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். இவர்க்கும் ஒரு வாழ்வு உண்டன்றோ? நாவலர் இளமையிற் பார்சிவல் பாதிரியாரின் பள்ளியிலே கற்று, அங்கேயே ஆசிரியராயுமிருந்து, விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உதவியவர். பாதிரிமார் சைவத்தை இகழ்ந்து பரப்பும் முறைகளை உள்ளிருந்தே கண்டமையால், 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சைவத்துக்கு அரண் செய்ய முற்பட்டார். முற்றுகைக்கு உட்பட்ட கோட்டையைக் காப்பவர், திருமுறை என்னும் பெயரைப் புதிய பாடலுக்கு ஈதல் எங்ஙனம்? அருட்பா, மருட்பா என்று மூண்ட பூசலில் நாம் எப்பக்கம் நிற்பினும், இருவர் வாழ்வையும் அறிந்தால் இருவரையும் இகழ மனம் வாராது.

ஒரே பொருளை இருவர் கண்டது

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் திருத்தணிகையிலே, எளிய நிலையிலிருந்த தெலுங்கு அந்தணக் குடும்பத்தில் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்தார். இவ்வூரிலே எழுத்தறிந்து, திருப்பதி, வேலூர், சென்னை ஆகிய இடங்களிற் பாதிரிமார் நடத்திய பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்றார். இந்து சமயத்தைப் பற்றி அங்கே கேட்ட குறைகூறல்கள் தம் நெஞ்சை உறுத்தின என்றும், அவையே தம்மை ஆராய்ச்சிக்குத் தூண்டின என்றும் அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார். வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்னும் பழிப்புக்கு விடையாக, மாணவராயிருந்தபோதே 1908-இல் வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி ஆய்வுரை எழுதினார். சினந்தணிந்த மலையிற் பிறந்தவர்க்கு ஏற்ப, உறுத்தலைச் சினமாக்காது நூலாக்கினார்.

ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. 1926-இல் ஆக்ஸ்போர்டிலே அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் ‘இந்து வாழ்க்கை நோக்கு’ என்னும் பொருளில் மறு ஆண்டு நூலாயின. அதிலே, பல்வேறு இனத்தாரை அழிக்காது ஒரு சமுதாயத்துள் இணைத்துக்கொண்ட ஏற்பாடாகச் சாதிமுறையை விளக்கினார். இந்து நாகரிகம் நெடுங்காலம் நிலைத்து நின்றமையையும் அதன் பெருமையாகக் காட்டினார். அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ என்னும் நூலில் இதனை நேரே மறுத்தார். ஒரு சமுதாயம் உயிரோடிருக்கின்றதா என்பது வினாவன்று; எந்நிலையில் உயிரோடிருக்கின்றது என்பதே வினா என்பது அவர் கருத்து.

இருவரும் பேரறிஞர், இருவரும் நோக்கியது ஒரே வரலாறு. ஒருவர், பிறநாட்டார் பழிப்புக்கு எதிரே தம் சமயத்துக்கு வழக்குரைக்க நின்றவர். மற்றவர், பள்ளியிலே கோணிமீது தனியே அமர்த்தப்பட்டு, தண்ணீர்க் குழாயைத் தாமே தொடவும் உரிமையின்றி வளர்ந்தவர். எவர் கண்ணுக்கு எது தோன்றாது போயிற்று என்பதை, வாழ்வை அறியாதார் அறியமாட்டார். குலச் சங்கத்தினராகிய நாம் இந்த இடத்திலே சற்று நின்று நம்மையும் நோக்கிக்கொள்ளல் வேண்டும். நம் குலப் பெருமையை நாம் எழுதும்போது, அப்பெருமையின் வாயிலுக்குப் புறத்தே நின்றவர் அதனை எவ்வாறு கண்டிருப்பர் என்று நினைத்ததுண்டா?

சிலம்புச் செல்வர்

திருத்தணிகை தமிழகத்தோடு இணைந்ததற்குப் பெருங்காரணராயிருந்தவருள் ம.பொ.சிவஞானம் தலையாயவர். 1906-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் சென்னையிலே ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். புத்தகம் வாங்கப் பொருளின்றி மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டார். தாயார் சிவகாமியம்மையார் சொல்லித்தந்த அம்மானைப் பாடல்களும் புராணக் கதைகளும், சான்றோர் சொற்பொழிவுகளைக் கேட்டுப் பெற்ற கேள்வியறிவும், பழைய புத்தகக் கடைகளிலே பசியைப் பொறுத்து வாங்கிய நூல்களுமே அவர் கல்விச் செல்வம். அச்சகத்திலே எழுத்துக் கோக்கும் தொழிலாளியாய் உழைத்தார். எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தடுக்கிய கை பின்னர் நூல்கள் பல எழுதிற்று.

அவரும் நம் இதழைப் போன்றதோர் இதழோடு தொடர்புடையவர். ‘கிராமணி குலம்’ என்னும் பெயரால் இதழ் நடத்தியவர். ஆயின் குலப்பற்று அவர் கண்ணை மறைக்கவில்லை. கள்ளிறக்குதலை மரபுத் தொழிலாகக் கொண்ட சமூகத்திலே பிறந்தும், மதுவிலக்கை வெளிப்படையாக ஆதரித்து, தம்மவர் எதிர்ப்பையே தாங்கினார். சுற்றத்தாரின் உலைப்பானையைத் தொடும் வழக்கு அது, எளிதாயிராது.

1942 ஆகஸ்டுப் போராட்டத்திலே சிறைப்பட்டு, வேலூரினின்றும் மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே பற்றிய வயிற்று நோய் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. கோவைச் சிறையிலே செக்கிழுத்த வ.உ.சிதம்பரனார் வரலாற்றைக் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று எழுதியவர் தாமும் சிறைக் கூழ் உண்டவர் என்பதை நினைந்து அந்நூலைப் படிக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தை அவர் நாடெங்கும் பரப்பினார். அதுபற்றியே சிலம்புச் செல்வர் என்று புகழப்பெற்றார். சேர சோழ பாண்டிய நாடு மூன்றனையும் ஒரு கதையாற் பிணைத்து, தமிழகத்தின் எல்லையையும் கூறும் காப்பியத்திலே, 1946-இல் தமிழரசுக் கழகம் கண்ட தலைவர் தமிழரின் ஒருமையைக் கண்டதில் வியப்பில்லை. அதே காப்பியத்திலே பெரியார் ஈ.வெ.ராமசாமி பெண்ணடிமையையும் மூடநம்பிக்கையையுமே கண்டு கண்டித்தார். காப்பியம் ஒன்றே, அவரவர் சமூகக் கொள்கை அவரவர்க்கு வேறு வேறு பக்கங்களைத் திறந்து காட்டிற்று.

1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணிகையும் அங்கே சென்றது. வடவெல்லையிலே தமிழ் கற்பித்து வந்த மங்கலங்கிழார் முதலியோரோடு சேர்ந்து ம.பொ.சி. போராடிச் சிறையும் புகுந்தார். படாஸ்கர் தீர்ப்பின் வழி, 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தால், 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணிகை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. பழந்தமிழ் நூல்கள் வேங்கடத்தை வடவெல்லையாகக் கூறுதலை ஏட்டளவில் விடாது, எல்லைக் கோட்டளவிற் கொண்டுவர முயன்ற ஆசிரியர் இவர்.

அவர் எழுதிய ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ 1966-இற் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அடிகளிடத்தே ஒருவர் சித்தியைத் தேடுவர். ஒருவர் பத்தியைத் தேடுவர். எல்லைக்காகப் போராடிய இவரோ, சாதி சமயப் பிரிவுகளைக் கடந்து மக்கள் ஒன்றாதலைத் தேடினார். அதனைத் தலைப்பிலேயே பொறித்தார்.

நாம் கொள்ளத்தக்கது

இவற்றால் அறியப்படுவது யாது? பிறப்பும் வறுமையும் சிறையும் பள்ளியும் ஆசிரியர்க்கு வினாவைத் தருகின்றன. அவ்வினாவுக்கு விடை காண்பது அவர் தாமே தேர்ந்த கொள்கை. பிறப்பொன்றே நூலை எழுதுமாயின், இராமலிங்க அடிகள் முதல் ஐந்து திருமுறையோடு நின்றிருப்பார், ம.பொ.சி. கள்ளுக்கடைக்கு வழக்குரைத்திருப்பார். பிறப்புக்கும் நூலுக்கும் தொடர்பே இல்லையாயின், அம்பேத்கர் கண்டது இராதாகிருஷ்ணனுக்கும் தோன்றியிருக்கும்.

ஆதலின் நம் குலத்துப் புலவர், ஆசிரியர், பத்திரிகையாளர் வரலாற்றை நம் இதழுக்கு எழுத முன்வரும் அன்பர்கள், அவர் பெற்ற பட்டங்களையும் பொன்னாடைகளையும் மட்டும் அடுக்காதிருக்க வேண்டுகின்றோம். அவர் உண்ட உணவும், இழந்த பள்ளியும், மாற்றிக்கொண்ட கருத்தும், நம்மவரோடே மாறுபட்டு நின்ற இடமும் எழுதப்படுக. அவற்றை மறைத்துவிட்டால் அவர் நூலைப் படிப்பதற்குரிய திறவுகோலையே மறைத்தவராவோம். முதியோர் நினைவிலுள்ளவை அவரோடே மறைந்துபோகாமுன், வீட்டிலுள்ள இளைஞரும் பெண்மணிகளும் அவற்றைக் கேட்டுக் குறித்து வைப்பாராக. சிவகாமியம்மையார் பாடிய அம்மானையையும் மகன் நினைந்து எழுதியதனாலன்றோ இன்று நாம் அறிகின்றோம்!