முதுமையும் குருதியோட்டமும்

திருச்சிராப்பள்ளிப் புத்தூரிலுள்ள அரசு மருத்துவமனை, 1997ஆம் ஆண்டு தோன்றிய கி. ஆ. பெ. விசுவநாதம் மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. முத்தமிழ்க் காவலராகிய அவர் 1899இல் பிறந்து 1994இல் மறைந்தவர். 95 ஆண்டுகள் வாழ்ந்த பெரியார். அத்தகைய முதுமையில் குருதியோட்டம் என்னவாகின்றது என்பதை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றையே யான் இன்று கூற விழைகின்றேன்.

குருதி இதயத்தினின்று புறப்பட்டு மீண்டும் இதயத்தையே அடைகின்றது என்பதை 1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி நிறுவினார். கையில் பட்டை கட்டி அதன் அழுத்தத்தை அளக்கும் கருவியை 1896இல் இத்தாலியரான ரிவா ரோச்சி அமைத்தார். இளமையில் நெகிழ்ந்து கொடுக்கும் தமனியின் சுவர், வயது ஏற ஏற விறைக்கின்றது. மேல் அழுத்தம் உயர்கின்றது. இஃது முதுமையின் இயல்பே, மருந்து வேண்டுவதில்லை என்று மருத்துவர் பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர்.

1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்திற்கெனத் தனிப் பிரிவு தொடங்கிற்று. 1991இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று பழைய எண்ணத்தையே மாற்றியது. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் உயர்ந்த மேல் அழுத்தத்தை மருந்தால் தணித்தபோது, பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

முதுமையைத் தடுக்க இயலாது. அதனால் வரும் கேட்டைத் தடுக்க இயலும். உயர் அழுத்தம் பெரும்பாலும் நோவு காட்டாது, அளந்தால்தான் புலப்படும். ஆகவே, உங்கள் பாட்டனாரையும் பாட்டியாரையும் அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.