வொல்க்ஸ்வாகனும் வேலைநேர உடன்படிக்கையும்

1993 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் மோட்டார் நிறுவனத்தில் ஏறத்தாழ 30,000 தொழிலாளர் மிகையெனக் கணிக்கப்பட்டனர். ஆட்குறைப்புக்குப் பதிலாக, நிறுவனமும் ஐ.ஜி. மெற்றால் தொழிற்சங்கமும் அவ்வாண்டு நவம்பரில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. அதன்படி 1994 சனவரி முதல் வாராந்த வேலைநேரம் 36 மணித்தியாலத்திலிருந்து 28.8 ஆகக் குறைந்தது. உடன்படிக்கைக் காலத்தில் வேலைநீக்கமில்லை என்பது நிறுவனத்தின் வாக்குறுதி.

இங்கு நுணுகி நோக்கற்பாலது ஊதியமே. ஆண்டுக்கொருமுறை கிடைத்த மேலதிகக் கொடுப்பனவுகள் மாதந்தோறும் பங்கிடப்பட்டமையால் மாதச் சம்பளம் குறையவில்லை. வாடகையும் கடன் தவணையும் கட்டும் தொழிலாளி வெட்டினை உடனே உணராதிருக்கச் செய்த உபாயம் இது. ஆண்டு வருமானமோ குறைந்தே போயிற்று. இழப்பின் பெரும்பகுதியைத் தொழிலாளர் சுமந்தனரெனினும், வேலையின்மையிலும் அது மேலென அவர்கள் கருதியமை வியப்பன்று.

2006 இல் உற்பத்திப் பிரிவினரின் வேலைநேரம் 33 மணித்தியாலமாக உயர்த்தப்பட்டது. மாதச் சம்பளம் அதற்கேற்ப உயரவில்லை.