எழுத்து வழிமாறிய கதை

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளையைச் சுற்றிப் பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, தெமோதரை முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றாலும், லயத்து வீடொன்றில் கலியாணம் என்றாலும், அழைப்பிதழ் அச்சிடுவதற்கு மக்கள் நகரத்து அச்சகத்தையே நாடுவர். முற்காலத்தில் காகிதத்தில் எழுதிக் கொண்டு சென்றனர். இக்காலத்திலோ, கணினி கற்ற இளைஞர் ஒருவர் அழைப்பிதழைத் தாமே அழகுற அமைத்து, அதனைக் கோப்பாக எடுத்துச் செல்கிறார். அச்சகத்துக் கணினியில் அக்கோப்பைத் திறந்தவுடன் அவர் திகைத்துப் போகிறார். முருகன் திருப்பெயர் இருந்த இடத்தில் வெறுங் கட்டங்கள் நிற்கின்றன. மணமகள் பெயர் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கின்றன. அமைத்தவர் அச்சகத்தாரைக் குறை கூறுகிறார். அச்சகத்தார் அமைத்தவரைக் குறை கூறுகின்றனர்.

இப்பிணக்கு கணினியோடு பிறந்ததன்று. தமிழ் எழுத்து ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிய போதெல்லாம் இது தோன்றியிருக்கிறது. சிலவேளை இதனால் ஓர் அழைப்பிதழ் மட்டுமே கெட்டது. சிலவேளை ஒரு மனிதனின் பெயரே கெட்டது. ஊவா மலைநாட்டு மக்கள் இவ்விரண்டையும் அறிந்தவர்கள்.

எழுத்து வழிமாறுவது ஏன் என்பதை அறிய ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குக் குற்று இடுவதில்லை. ரகரமும், ‘ா’ என்னும் அரவும் ஒரே வடிவில் நின்றன. எழுதியவரும் படிப்பவரும் ஒரே மரபில் பயின்றிருந்தமையால், இடம் நோக்கி எழுத்தை உணர்ந்து கொண்டனர். அவ்வோலை அச்சுக்குச் சென்ற பொழுது இடர் எழுந்தது. ஈயத்தில் வார்த்த எழுத்து ஊகத்துக்கு இடங்கொடாது. குற்று உண்டா, இல்லையா? அரவா, ரகரமா? ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் முடிவு செய்தாக வேண்டியதாயிற்று. ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏடுகளைப் பரிசோதித்துப் பதிப்பித்த உழைப்பிற் பெரும்பகுதி இத்தகைய முடிவுகளிலேயே கழிந்தது.

தமிழ் எழுத்து அச்சேறிய வரலாறும் இத்தகைய இடர்கள் நிறைந்ததே. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடப்பட்டது. பின்னர் தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் அச்சுக்கூடம் நிறுவிய பொழுது, தமிழ் எழுத்துகள் ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்து சேர்ந்தன. வார்த்தவர்கள் தமிழைப் படித்துப் பழகியவர்கள் அல்லர். எழுத்துகள் அளவில் மிகப் பெரியனவாய் இருந்தன. கையிருப்பில் இருந்த காகிதமோ சிறிது. வேறு வழியின்றி, அருகிலுள்ள பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தனர். சீமையிலிருந்து பாலாடைக்கட்டி வந்த கலங்களின் ஈய மூடிகளை உருக்கி அதற்குப் பயன்படுத்தினர் என்பர். வரைந்து அனுப்பியவர் கருத்து ஒன்று, செய்து அனுப்பியவர் புரிந்து கொண்டது வேறொன்று. இன்றைய இளைஞரின் குறைக்கும் அன்றைய பாதிரியாரின் குறைக்கும் அடிப்படை ஒன்றே.

இலங்கையில் 1834ஆம் ஆண்டு மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1849இல் நாவலர் சென்னைக்குச் சென்று அச்சுப்பொறி வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் தமது அச்சுக்கூடத்தை அமைத்தார். ஆகவே தமிழ் அச்சுத்தொழில் யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய அக்காலத்தில், கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களைப் பற்றிய எழுத்தும் அங்கேயே அச்சேற வேண்டியிருந்தது. ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி 1869ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கோப்பி வளர்ப்பைப் பாடிய நூல் அச்சேறிய ஆண்டே கோப்பியின் அழிவு தொடங்கிய ஆண்டுமாயிற்று. அதன்பின் மலைகளில் தேயிலை பரவியது. பதுளை வரை புகையிரதம் 1924இல் வந்து சேர்ந்தது.

ஆயினும் தோட்டத் தொழிலாளியின் வாழ்வை ஆண்ட எழுத்து நூல்களில் இருந்த எழுத்தன்று. சீட்டுகளிலும் பத்திரங்களிலும் இருந்த எழுத்தே அவனை ஆண்டது. ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. கங்காணியும் அவன் கீழுள்ள ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் அவர்களை விடுவிக்கலாம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்புவோர் அதனையே கொண்டு சென்றனர். சீட்டில் எழுதியிருப்பது தொகை. அத்தொகைக்குள் அடங்கியிருந்ததோ மனிதரின் வாழ்வு. எழுத்தறியாத தொழிலாளிக்கு அதிலுள்ள கணக்குச் சரியா, பிழையா என்று பார்க்கும் வழியில்லை. இம்முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்த பின்னும் ‘செக்ரோல்’ என்னும் பெயர்ப் பதிவேடு இருந்தது. தொழிலாளியின் பெயரும் வேலைநாளும் அதிலே பதியப்பட்டன. பெயர் தமிழ்ப் பெயர். பதிவோ ஆங்கிலப் பதிவு. இங்கேதான் எழுத்து மீண்டும் வழிமாறியது. வள்ளியும் வல்லியும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடுவர். லகர, ளகர, ழகர வேறுபாட்டையும், ரகர, றகர வேறுபாட்டையும் காட்ட அம்மொழியில் தனித்தனி எழுத்தில்லை. கறுப்பன் என்ற பெயரை ஒரு கிளாக்கர் ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்குவார். அடுத்த தோட்டத்துக் கிளாக்கர் வேறோர் எழுத்தில் தொடங்குவார். வாயில் ஒன்றாக இருந்த பெயர் ஏட்டில் இரண்டு மூன்றாகப் பிரிந்தது. வேலை செய்து கூலி பெறும் வரையில் இதனால் பெருந்தீங்கு நேரவில்லை.

தீங்கு 1948இல் வந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை பெறாதோராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியொன்றைத் திறந்தது. ஆனால் திருமணமானோர் 7 ஆண்டும், மற்றையோர் 10 ஆண்டும் இந்நாட்டில் தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். விண்ணப்பிக்க 1951 ஓகஸ்ட் 5ஆம் திகதி வரை இரண்டு ஆண்டுகளே தவணை. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் சென்றன. அவற்றில் அடங்கியோர் ஏறத்தாழ 825,000 பேர். குடியுரிமை பெற்றோரோ ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே.

இவ்வளவு பேர் விலக்கப்பட்டமைக்கு அரசியல் நோக்கும் சட்டத்தின் கடுமையுமே பெருங் காரணங்கள். எழுத்துப் பிழையே முழுக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. எனினும், சான்று என்பது தாளில் இருப்பது. பிறப்புப் பதிவில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் வேறொரு பெயர் என்று நிற்குமாயின், மூன்றும் ஒருவரே என்று நாட்டும் பாரம் விண்ணப்பித்தவர் தலையில் விழுகிறது. எழுதியவர் கையிலே நேர்ந்த மாற்றத்துக்கு எழுதப்பட்டவர் விளக்கம் சொல்ல வேண்டியவராகிறார். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியா 525,000 பேரையும் இலங்கை 300,000 பேரையும் ஏற்க இணங்கின. எஞ்சிய 150,000 பேர் பற்றிய முடிவு 1974இல் எட்டப்பட்டது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து முதுமையும் எய்திவிட்டது.

இப்பின்னணியை மனத்திற் கொண்டு, பதுளை அச்சகத்தில் திகைத்து நின்ற இளைஞரின் கோப்பை மீண்டும் நோக்குதல் தகும். ஈய எழுத்துக் காலத்தில் ஒழுங்கு என்பது பெட்டியிலே இருந்தது. எழுத்துக் கோப்பவர் முன் பல சிற்றறைகள் கொண்ட மரத்தட்டு இருக்கும். எந்த அறையில் எந்த எழுத்து என்பதை அவர் விரல்களே அறியும். ‘கொ’ வேண்டுமாயின் முதலிற் கொம்பு, பின்னர் ககரம், அதன்பின் அரவு என எடுத்து வைப்பார். தட்டச்சுப் பொறியும் அவ்வொழுங்கையே தழுவியது. கணினி வந்த பின், இலங்கையில் பெருவழக்குப் பெற்ற ‘பாமினி’ எழுத்துருவும் அந்நெறியிலேயே அமைந்தது.

பாமினியில் ஒரு நுட்பம் உண்டு. கணினி தன் நினைவில் வைத்திருப்பது ஆங்கில எழுத்தையே. எழுத்துரு அதன் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. ‘தமிழ்’ என்று பாமினியில் எழுதினால், கணினிக்குள் இருப்பது ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும், உள்ளிருப்பது வெளிப்பட்டுவிடும். அழைப்பிதழில் தோன்றிய பொருளற்ற ஆங்கிலம் இதுவே.

1991இல் வெளிவந்த ஒருங்குறி, அதாவது யூனிகோட், இக்குறையை நீக்க முயன்றது. தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான தனி எண்கள் வழங்கப்பட்டன. இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் 2008இல் தமிழுக்குரிய தரத்தை எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலக்கத்தில் வகுத்தது. ஆனால் ஒருங்குறியில் வரிசை வேறு. அங்கே ‘கெ’ என்பதற்கு ககரம் முதலில் நிற்கும். கொம்பு பின்னரே வரும். கொம்பை முன்னே நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் கடமை. பல அச்சகங்கள் நெடுங்காலம் நம்பியிருந்த பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளின் கடைசிப் பெரும் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அதற்கு ஒருங்குறித் தமிழை முறையாகக் காட்டும் திறன் இல்லை. ஆகவே புதுமுறையில் எழுதிய கோப்பு பழைய மென்பொருளிற் கட்டங்களாயிற்று. பழைய முறையில் எழுதிய கோப்பு புதிய கணினியில் ஆங்கிலமாயிற்று.

வேறு இடர்களும் உண்டு. கணினித் திரை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளாற் படம் காட்டுகிறது. அச்சுப்பொறி, நீலம், செந்நீலம், மஞ்சள், கருமை ஆகிய நான்கு மைகளாற் படம் பதிக்கிறது. திரையில் ஒளிர்ந்த குங்கும நிறம் தாளில் மங்கித் தோன்றுவது இதனாலேயே. கைத்தொலைபேசி வழியே அனுப்பிய படம் வழியிலேயே சுருக்கப்பட்டுவிடும். அதனைப் பெரிதாக்கிப் பதாகையில் இட்டால் தெய்வத் திருமுகம் சிறு சதுரங்களாகிவிடும். ‘எல்லாம் ஒரே கோப்புத்தானே?’ என்று வாடிக்கையாளர் கேட்பார். திரையிற் பார்ப்பதற்குரிய கோப்பு ஒன்று, அச்சுக்குரிய கோப்பு ஒன்று என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்க மாட்டார்.

இவற்றுக்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. 1993இல் அறிமுகமான பீ.டி.எஃப். என்னும் கோப்பு முறையில் எழுத்துருவையும் கோப்போடு சேர்த்து அனுப்பலாம். அவ்வாறு சேர்த்து அனுப்பினால் அச்சகத்தில் அவ்வெழுத்துரு இல்லாவிடினும் வடிவம் குலையாது. எழுத்துகளை வெறும் உருவங்களாக மாற்றி அனுப்புவோரும் உளர். அதில் வடிவம் உறுதி. ஆனால் ஒரு பெயரில் பிழை இருப்பின் அச்சகத்தார் அதனை எழுத்தாகத் திருத்த இயலாது. ஆதலின், எம்முறையைக் கையாண்டாலும் அச்சேறு முன் ஒரு தாள் எடுத்து ஒப்புநோக்குதல் என்னும் பழைய வழக்கமே இன்றும் உயிர்நாடி. ஒப்புநோக்க வேண்டியவர் அப்பெயர்களை அறிந்தவராயும் இருத்தல் வேண்டும்.

இது அச்சகத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. 1956இல் சிங்களம் மட்டுமே அரச கரும மொழியாயிற்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஊவாவின் தோட்டப் பிள்ளை ஒன்றின் பெயர் தமிழில் வைக்கப்பட்டு, சிங்களத்திற் பதியப்பட்டு, ஆங்கிலத்திற் பெயர்க்கப்படுதல் கூடும். மூன்று மொழி, மூன்று எழுத்து, மூன்று கை. ஒவ்வொரு கையிலும் எழுத்து வழிமாற இடமுண்டு.

அழைப்பிதழிற் பிழை நேர்ந்தால் மறுநாள் மீண்டும் அச்சிடலாம். காகிதச் செலவோடு போய்விடும். பதிவேட்டிற் பிழை நேர்ந்தால் அதனைத் திருத்த ஆண்டுகள் கழியும் என்பதை ஊவா மலைநாட்டு வரலாறு காட்டியிருக்கிறது. பதுளை அச்சகத்தில் அந்த இளைஞர், மணமகள் பெயரில் வருவது ளகரமா, லகரமா என்று கேட்டு நிற்பது வீண் பிடிவாதமன்று. அவருடைய பாட்டனுக்காக எந்தக் கிளாக்கரும் கேளாத கேள்வி அது.