ஆர்மென் பாறையும் காற்றாலை ஏணியும்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு, ஊசுட்டேரிக்கு வழி தெரியாத வயதிலேயே பிரெத்தாஞ் கடற்கரை மனப்பாடம். அதன் மேற்குக் கோடியில் சேன் என்று ஒரு சின்னத் தீவு. அதற்கும் அப்பால், ஓதம் நன்றாக இறங்கும்போது மட்டும் தலைகாட்டும் ஆர்மென் பாறை.

1867இல் அந்தப் பாறைமேல் கலங்கரை விளக்கம் கட்டத் தொடங்கினார்கள். சேன் தீவு மீனவர்கள்தான் வேலையாட்கள். தக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, குப்புறப் படுத்து, ஒரு கையால் பாறையைப் பற்றி, மறு கையால் துளை போட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் இறங்க முடிந்தது ஏழு தடவை. நடந்த வேலை மொத்தம் எட்டு மணி நேரம்! குமாஸ்தாவாக இருந்த நான் இப்படி ஓர் ஆண்டறிக்கையை நீட்டியிருந்தால் தணிக்கைக்காரர் என்ன கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். விளக்கு எரிந்தது 1881இல். பிறகு காவலர்களை மாற்றுவதும் பெரும்பாடு. படகு நெருங்க முடியாததால் கயிற்றில் தொங்கவிட்டே ஏற்றி இறக்கினார்கள்.

அதே நாட்டில், லுவார் நதி கடலில் கலக்கும் பகுதிக்கு எதிரே, 2022 முதல் 80 காற்றாடிகள் கடலில் சுழல்கின்றன. பிரான்சின் முதல் பெரிய கடல் காற்றாலைப் பண்ணை. கரையிலிருந்து 12 கிலோமீட்டருக்கு மேல். பழுது பார்ப்பவர்கள் லா துர்பால் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போகிறார்கள்.

இதுபோன்ற பண்ணைகளில் பயணத்தைவிட, ஏணிக்குக் கால் மாற்றுவதுதான் கண்டம். படகின் மூக்கில் தடித்த ரப்பர் இருக்கும். அதைக் காற்றாடித் தூணின் இரண்டு இரும்புக் குழாய்களில் முட்டி, எஞ்சினை முன்னோக்கியே ஓட்டி அழுத்திப் பிடிப்பார்கள். அந்த அழுத்தத்தில் மூக்கு ஆடாமல் நிற்கும். பெரிய அலை வந்து பிடி வழுக்கினால் படகு திடீரென்று எழும்பும். ஏணியில் இருப்பவரின் கால் நசுங்கிப்போகும். அலை ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பொதுவாகச் சிறு படகுக்கு அன்று வேலையில்லை. கனமான கருவிகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவதில்லை, மேலே உள்ள சிறு கிரேன் தூக்கும்.

டென்மார்க்கில் 2002இல் வந்த ஹார்ன்ஸ் ரெவ் பண்ணையில் ஹெலிகாப்டரிலிருந்தே ஆளைக் காற்றாடியின் தலையில் இறக்கினார்கள். ஹாலந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த யோசனை இன்னும் அழகு. விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஆட்டப் பெட்டியை ஆறு உருளைகள் ஆட்டுமே, அதைத் தலைகீழாக்கினார்கள். கப்பல் ஆட ஆட, உருளைகள் எதிர்ப்புறம் அசைந்து நடைபாலத்தை அசையாமல் வைத்திருக்கும்.

நம்மூர்ச் சலங்குக்கு ஆணியே கிடையாது. கயிற்றால் தைத்த பலகை, அலை மோதினால் வளைந்து கொடுக்கும். கப்பல் தூரத்தில் நிற்க, துரைமார்களும் மூட்டைகளும் அதில்தான் கரை வந்தார்கள்.