படப்புள்ளி நிறக்கலப்பு

திரையில் முன்னரே தீட்டப்பட்ட ஒரு நிறத்தின்மீது, ஓரளவே மறைக்கும் இயல்புடைய வேறொரு நிறம் வந்து படியும்போது விளையும் மூன்றாம் நிறத்தை, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் தனித்தனியே கணித்து நிர்ணயிக்கும் முறை நிறக்கலப்பு எனப்படும். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று அங்கங்களோடு, புள்ளி எவ்வளவு மறைக்கிறது என்பதைக் குறிக்கும் ஆல்ஃபாவை நான்காவதாகச் சேர்க்கும் யோசனை, 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோரிடம் உதித்தது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் வெளியிட்ட ஆய்வுரை, நிறக்கலப்பை 12 வினைகளாக வகுத்து அதற்குச் சாஸ்திர ரூபம் அளித்தது.

இணைய உலாவியில் படம் வரைவதற்காக 2004இல் ஆப்பிள் நிறுவனம் அறிமுகம் செய்த கான்வாஸ் இவ்வினைகளைத் தழுவியதே. வேறொன்றும் விதிக்காதபோது அது கையாளும் வினையில், மேல்நிறம் தன் ஆல்ஃபாவாலும், கீழ்நிறம் ஒன்றிலிருந்து அந்த ஆல்ஃபாவைக் கழித்த மிச்சத்தாலும் பெருக்கப்பட்டு, இரண்டும் கூட்டப்படுகின்றன. ஆதலால் வெள்ளைத் தளத்தில் பாதி மறைக்கும் சிவப்பு படிந்தால் 255, 128, 128 என்னும் இளஞ்சிவப்பு கிட்டும்.

நிறத்தை முன்கூட்டியே ஆல்ஃபாவால் பெருக்கிவைக்கும் வழக்கமும் உண்டு. படத்தைச் சிறிதாக்கும்போதும் பெரிதாக்கும்போதும், கண்ணுக்குப் புலப்படாத புள்ளிகளில் ஒளிந்துள்ள நிறம் அயற்புள்ளிகளில் கசிந்து விளிம்பைக் கெடுக்காமல் இது காக்கிறது. உலாவியில் முப்பரிமாணப் படங்களையும் வரைய உதவும், 2011இல் வெளிவந்த வெப்ஜிஎல், வேறுவிதமாகச் சொல்லாதவரை, பெருக்கிய நிறத்தையே எதிர்பார்க்கிறது. இதனை அறியாது பெருக்காத நிறத்தைக் கொடுத்துவிட்டு, உருவங்களின் ஓரம் ஏன் அளவுமீறிப் பளிச்சிடுகிறதென்று திகைப்போர் பலர். எட்டு பிட்டுகளுக்குள் பெருக்கிவைப்பதில் நஷ்டமும் இல்லாமற் போகவில்லை: ஆல்ஃபா 255இல் 1 பங்காக மட்டுமே உள்ள புள்ளியில் ஒவ்வோர் அங்கமும் 0 அல்லது 1 என்றே நிற்குமாதலால், திரும்பப் படிக்கையில் அது 0 ஆகவோ 255 ஆகவோதான் வெளிப்படும், இடைப்பட்ட சாயைகள் யாவும் மீளா.

இவற்றினும் பெரிய விசித்திரம், உலாவி கலப்பது ஒளியையன்று, எண்களை என்பதே. 1996இல் ஹியூலெட்-பேக்கர்டும் மைக்ரோசாஃப்டும் முன்மொழிந்த எஸ்ஆர்ஜிபி என்னும் நிறக்குறியீட்டு முறையில் 128 என்னும் எண், முழு ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே குறிக்கிறது. ஆகவே சிவப்பையும் பச்சையையும் சரிபாதியாகக் கலந்தால், ஒளியின் சராசரியான 188, 188, 0 என்னும் தெளிந்த மஞ்சளுக்குப் பதில், 128, 128, 0 என்னும் சேற்றுநிறமே கான்வாஸில் கிடைக்கிறது. பழைய பக்கங்களின் தோற்றம் மாறிவிடுமென்னும் அச்சத்தால் இக்குறை நீடிப்பது நியாயமே எனினும், மெய்யான ஒளிக்கலப்பை நாடுவோர், புள்ளிகளின் நிறத்தைக் கணிக்கும் நிரலான வெப்ஜிஎல் ஷேடரில் எண்களை ஒளியளவாக மாற்றிக் கலந்து, பின்னர் எஸ்ஆர்ஜிபிக்குத் திருப்பிக்கொள்வதே தக்கது.