பிரித்தானியக் கால்நடை மருத்துவக் கல்வியில் கல்லூரி மாற்றம் (1844–1948)

படிப்பின் பாதியில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியை விட்டு வேறொன்றில் சேர்வது பிரித்தானியாவில் இன்று அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாணவர்கள் கூட்டமாகக் கல்லூரி மாறியதும், கல்லூரிகளே நகரம் விட்டு நகரம் பெயர்ந்ததும் உண்டு. கற்பிக்கும் இடமும் தேர்வு நடத்தும் அமைப்பும் அன்று வெவ்வேறாக இருந்தது இதற்கு முக்கியக் காரணம்.

கல்லூரியும் தேர்வும்

லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரி 1791இல் தோன்றியது. எடின்பரோவில் வில்லியம் டிக் 1823இல் வகுப்புகளைத் தொடங்கினார். 1844இல் அரச சாசனம் பெற்று 'ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ்' உருவானது. பெயரில் 'காலேஜ்' இருந்தாலும் அது பாடம் நடத்தவில்லை. பல கல்லூரிகளில் பயின்றவர்களுக்குத் தேர்வு வைத்து உறுப்பினராக்கியது. ஸ்காட்லாந்தில் ஹைலாண்ட் வேளாண் சங்கமும் சில பத்தாண்டுகள் தனிச் சான்றிதழ் வழங்கியது. ஆகவே மாணவரின் தகுதி, அவர் படித்த கல்லூரியின் கையில் மட்டும் இருக்கவில்லை. 1881ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடை மருத்துவர்களுக்குப் பதிவேட்டை ஏற்படுத்தியபின், ராயல் காலேஜின் தேர்வே தொழிலுக்கான பொது வாயிலாயிற்று.

எடின்பரோவில் பிளவு

ஜான் காம்ஜி 1857இல் எடின்பரோவில் டிக்கின் கல்லூரிக்குப் போட்டியாக ஒன்றைத் தொடங்கி, 1865இல் அதை லண்டனுக்குக் கொண்டு சென்றார். சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. டிக் 1866இல் இறந்தபின் அவரது கல்லூரியின் முதல்வரான வில்லியம் வில்லியம்ஸ், நிர்வாகிகளோடு ஏற்பட்ட பிணக்கால் 1873இல் வெளியேறி, அதே நகரில் 'நியூ வெட்டரினரி காலேஜ்' தொடங்கினார். பழைய கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் அவருடன் சென்றனர். தேர்வு வெளியிலிருந்து நடந்ததால், ஆசிரியரைப் பின்தொடர்ந்தவர்கள் தகுதி பெறும் வாய்ப்பை இழக்கவில்லை.

அலீன் கஸ்ட்

இதே முறை ஒருவருக்குத் தடையாகவும் அமைந்தது. அயர்லாந்தில் பிறந்த அலீன் கஸ்ட், 1890களில் வில்லியம்ஸின் கல்லூரியில் 'கஸ்டன்ஸ்' என்ற பெயரில் சேர்ந்தார். கல்லூரி அவரை ஏற்றது. ஆனால் பெண் என்பதால் தேர்வெழுத ராயல் காலேஜ் அனுமதிக்கவில்லை. எடின்பரோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ராயல் காலேஜ் லண்டனில் இருப்பதால் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்றது நீதிமன்றம். வேறு கல்லூரிக்கு மாறியிருந்தாலும் பயனில்லை. எல்லாக் கல்லூரிகளும் அதே தேர்வில்தான் முடிந்தன. 1900இல் படிப்பை முடித்த அவர், உறுப்பினர் தகுதியின்றியே அயர்லாந்தில் மருத்துவம் பார்த்தார். பாலின அடிப்படையிலான தடைகளை நீக்கும் சட்டம் 1919இல் வந்தது. 1922இல் அவர் தகுதி பெற்று, பிரித்தானியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவரானார்.

பல்கலைக்கழகக் காலம்

1904இல் நியூ வெட்டரினரி காலேஜ் எடின்பரோவை விட்டு லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. பிரித்தானியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் அங்கமான முதல் கால்நடை மருத்துவப் பள்ளி அதுவே. 1948ஆம் ஆண்டுச் சட்டம், பல்கலைக்கழகப் பட்டத்தையே பதிவுக்கான தகுதியாக ஏற்றது. கிளாஸ்கோ கல்லூரி 1949இலும், டிக்கின் கல்லூரி 1951இலும் பல்கலைக்கழகங்களோடு இணைந்தன. ராயல் காலேஜின் பணி, மாணவர்களைச் சோதிப்பதிலிருந்து கல்வித் தரத்தைச் சோதிப்பதற்கு மாறியது.

இதனால் கல்வி, ஆராய்ச்சியோடும் பிற அறிவியல் துறைகளோடும் நெருங்கியது. ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பாடங்களைத் தானே வரிசைப்படுத்தித் தானே தேர்வு வைத்தது. ஓரிடத்தில் இரண்டாம் ஆண்டில் முடிந்த பாடம் இன்னோரிடத்தில் மூன்றாம் ஆண்டில் வரலாம். அன்று ஆசிரியரைத் தொடர்ந்து போவதாக இருந்த கல்லூரி மாற்றம், இன்று முடித்த பாடங்களைப் புதிய பல்கலைக்கழகம் ஏற்குமா என்பதைப் பொறுத்ததாகிவிட்டது.